அச்சுக்குப் போகும் படம்: டிஃப்பா, ஜேபெக்கா, பிடிஎஃப்பா?

அச்சுக்குப் படம் எந்த ஃபார்மட்டில் கொடுக்கட்டும் என்று யாராவது கேட்டால் "டிஃப்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம், பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். பதில் தப்பில்லை. ஆனால் வாட்ஸப்பில் நாலு கை மாறி, ஒவ்வொரு கையிலும் சுருங்கி வந்த படத்தைத் திறந்து டிஃப்பாகச் சேமித்து அனுப்புகிறவரும் அதே பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார். கோப்பின் அளவு பத்து மடங்கு ஆகிறது, படம் அப்படியேதான் இருக்கிறது. தொலைந்துபோன விவரத்தை எந்த ஃபார்மட்டும் திருப்பிக் கொண்டுவராது.

புத்தக அட்டை, இதழ்ப் பக்கம், சுவரொட்டி என்று அச்சுக்குக் கோப்பு தயார் செய்கிற வேலையில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஃபார்மட்டை முடிவு செய்ய என்னைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள் போதும்: கோப்புக்குள் இருப்பது எந்த வகைப் படம், அந்தக் கோப்பை அடுத்துத் தொடப்போவது யார். புகைப்படமா, கோட்டோவியமா, லோகோவா, திரைப்பிடிப்பா என்பது முதல் கேள்வி. நானே நாளைக்குத் திறந்து மறுபடி திருத்தப் போகிறேனா, வேறொரு டிசைனர் பக்கத்தில் வைக்கப் போகிறாரா, அச்சகம் நேராக பிளேட் (அச்சுத் தகடு) போடப் போகிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் டிஃப் நல்லதா ஜேபெக் நல்லதா என்று சண்டை போடுவதில் பயனில்லை.

ஜேபெக்கிலிருந்து தொடங்குகிறேன், அதன் மேல்தான் அதிகமாகப் பழி விழுகிறது. 1992இல் தரமாக ஏற்கப்பட்ட இந்த முறை, படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்கிவிடுகிறது. அதற்கு முன்பே வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்துவைத்து, பல சமயம் நிறத்தகவலை மட்டும் பாதி அகலம் பாதி உயரம் என்று குறைத்தும் விடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கிற கூர்மையோடு நம் கண் நிற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பதால் இது பெரும்பாலும் தெரிவதில்லை. முகம், மரம், மேகம், கடல் போன்ற படங்களுக்காகவே யோசித்துச் செய்யப்பட்ட முறை இது, அந்தப் படங்களில் நன்றாகவே வேலை செய்கிறது.

அச்சில் இது எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 8 பிக்சல் சதுரம் ஒன்று தாளில் 0.7 மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். அதன் மேல் ஆஃப்செட் அச்சின் 150 லைன் ஸ்கிரீன் (அங்குலத்துக்கு 150 வரிசை மைப்புள்ளிகள்) உட்காரும்போது, ஒவ்வொரு மைப்புள்ளியும் ஏறத்தாழ இரண்டுக்கு இரண்டு பிக்சலை விழுங்கிவிடுகிறது. உயர்ந்த தரத்தில், அதாவது ஃபோட்டோஷாப்பில் 11 அல்லது 12இல், ஒரே ஒருமுறை சேமித்த ஜேபெக் புகைப்படத்தையும் அதன் டிஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு வைத்தால் தாளைப் பார்த்து எது எது என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம். ஆகவே ஜேபெக் என்றாலே தரம் போய்விட்டது என்று படத்தைத் திருப்பி அனுப்புவது தேவையில்லாத பிடிவாதம் என்பேன். தரம் 5இல் சேமித்த ஜேபெக்கைத் திருப்பி அனுப்புங்கள், அது நியாயம்.

ஜேபெக்கின் உண்மையான ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, திரும்பத் திரும்பச் சேமிப்பது. கோப்பை நகல் எடுப்பதாலோ மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவதாலோ ஒன்றும் ஆகாது (இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், நகல் எடுத்தாலே தேயும் என்று நம்புகிறவர்களும் உண்டு). திறந்து, கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும்போதுதான் தோராயத்தின் மேல் தோராயம் ஏறுகிறது. இரண்டு, கூர்மையான ஓரங்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, லோகோ, வரைபடம், விளக்கப்படம் போன்றவற்றை ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் போல ஒரு புகைமூட்டம் வரும். நிறத்தகவல் பாதியாக்கப்பட்டிருந்தால் சிவப்பு ஓரம் கசிந்ததுபோலவும் தெரியும். புகைப்படத்தில் மறைந்துபோகிற அதே குறை இங்கே வெள்ளைத் தாளில் பளிச்சென்று தெரிகிறது. முறையின் குறை என்று இதைச் சொல்ல முடியாது, தவறான படத்தை அதற்குள் போட்டதுதான் காரணம்.

டிஃப்புக்கு வருவோம். ஆல்டஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது, ஸ்கேனர்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு கோப்பு வகையைத் துப்பிக்கொண்டிருந்த காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று. 1992இல் வந்த ஆறாவது பதிப்புதான் இன்றுவரை அடிப்படை, 1994இல் ஆல்டஸ் அடோபியோடு இணைந்தபின் அது அடோபியின் பொறுப்பில் வந்தது. இதன் பலம் என்னவென்றால் எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்), சிஎம்ஒய்கே (அச்சின் சயான், மேஜென்டா, மஞ்சள், கறுப்பு மைகள்), லேப் (Lab) என்ற நிறமுறை, வெறும் கறுப்பு வெள்ளை, ஒரு நிறத்துக்கு 8 பிட், 16 பிட், ஃபோட்டோஷாப் லேயர்கள், ஆல்ஃபா சேனல் (வெளிப்படைத்தன்மைத் தகவல்), ஐசிசி ப்ரொஃபைல் (படத்தின் எண்களை எந்த நிறமாகப் படிப்பது என்று சொல்லும் குறிப்பு) எல்லாம்.

எதையும் வாங்கிக்கொள்ளும் என்பதே சில சமயம் தலைவலி. டிஃப் என்றாலே இழப்பில்லாதது என்று நினைக்கிறோம், ஆனால் டிஃப்புக்குள் ஜேபெக் கம்ப்ரஷன் என்றும் ஒரு தேர்வு இருக்கிறது, சேமிக்கும் பெட்டியில் கவனிக்காமல் அதைத் தட்டிவிட்டால் இழப்பு இழப்புதான். எல்ஜெட்டபிள்யூ, ஜிப் என்ற கம்ப்ரஷன் முறைகள் இரண்டும் இழப்பில்லாதவை. 8 பிட் படத்துக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் வைக்கலாம், 16 பிட் படமென்றால் ஜிப் வையுங்கள், எல்ஜெட்டபிள்யூ 16 பிட்டில் கோப்பைச் சுருக்குவதற்குப் பதில் பெருக்கிவிடுகிற சந்தர்ப்பங்கள் நிறைய. லேயர்களோடு இருக்கிற டிஃப்பை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள், சில மென்பொருள்கள் லேயர்களைப் படிக்காமல் தட்டையான பிரதியை மட்டும் காட்டும், சில திறக்கவே தயங்கும். தட்டையாக்கி ஒரு பிரதி எடுத்து அதைக் கொடுப்பதுதான் நிம்மதி.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ4 தாள் முழுக்க 300 பிக்சல் அடர்த்தியில் என்றால் 2480க்கு 3508 பிக்சல். ஆர்ஜிபி 8 பிட்டில் கம்ப்ரஷன் இல்லாமல் ஏறத்தாழ 26 எம்பி, சிஎம்ஒய்கே ஆக்கினால் நாலாவது நிறம் சேர்ந்து 35 எம்பி, 16 பிட் என்றால் இரண்டு மடங்கு. 200 படம் உள்ள புத்தகத்துக்கு இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். உயர்தர ஜேபெக்கை நான் புகைப்படங்களுக்கு ஏற்றுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம், இடம் மட்டும் இல்லை, அனுப்புகிற நேரம், பக்க வடிவமைப்பு மென்பொருள் திணறாமல் இருப்பது எல்லாம் சேர்ந்துதான்.

பிஎன்ஜி பற்றி "அச்சுக்கு ஆகவே ஆகாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு கடுமையாக நான் சொல்ல மாட்டேன். ஜிஃப்பில் இருந்த கம்ப்ரஷன் முறைக்குக் காப்புரிமைச் சிக்கல் எழுந்தபோது, அதற்கு மாற்றாக 1996இல் இணையத்துக்கென்றே செய்த ஃபார்மட் அது. இழப்பில்லாதது, பின்னணி வெளிப்படையாக இருக்க முடியும், ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும். அதில் சிஎம்ஒய்கே கிடையாது, அவ்வளவுதான். அச்சகம் நேராக பிளேட்டுக்கு எடுக்கிற கோப்பாக பிஎன்ஜியைக் கொடுக்கக் கூடாது. ஆனால் இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கத்தில் வைத்து, பிடிஎஃப் ஆக்கும்போது நிறமாற்றம் செய்யப் போகிறோம் என்றால் பிஎன்ஜி தாராளமாக நிற்கும். கணினித் திரைப்பிடிப்புகளுக்கு அதைவிடச் சரியான ஃபார்மட் இல்லை. தயவுசெய்து திரைப்பிடிப்பை மட்டும் ஜேபெக் ஆக்காதீர்கள், அதற்குள் இருக்கிற சின்ன எழுத்தெல்லாம் புழுதி படிந்துவிடும். அதைப் பெரிதாக்க வேண்டியிருந்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண்ணாகவே, பக்கத்துப் பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறையில் பெரிதாக்குங்கள். மென்மையாக்கும் முறையில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும்.

ஜிஃப் வேண்டாம், 256 நிறம்தான். இணையத்தில் உலவும் வெப்பியை (WebP) அச்சுக்கு நேராகக் கொடுக்க வேண்டாம், அதன் இழப்புள்ள வகை 8 பிட்தான், நிறத்தகவலை எப்போதும் பாதியாக்கித்தான் வைக்கும், அச்சுப் பக்கம் அதைத் திறக்காத மென்பொருள்களும் உண்டு. ஐஃபோன் 2017இலிருந்து எடுக்கிற ஹெய்க் (HEIC) படங்கள் தரத்தில் மோசமில்லை. ஆனால் அதை மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அவற்றின் நிறவெளி (எந்த எல்லைக்குள் எந்த நிறங்கள் என்ற வரையறை) டிஸ்ப்ளே பி3, அந்த ப்ரொஃபைலைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் எண்களை மட்டும் எடுத்து வைக்கிற மாற்றிகள் இருக்கின்றன, அப்படி மாற்றிய படத்தில் நிறமெல்லாம் சோர்ந்துபோய்விடும். மாற்றியபின் கோப்புக்குள் ப்ரொஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

இப்போது நிறத்துக்கு வரலாம், இந்தப் பதிவில் நான் உண்மையில் சொல்ல வந்த இடம் இது. அச்சில் படம் கெட்டுப்போனது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை ஃபார்மட்டால் வருவதில்லை, நிறமாற்றத்தால் வருகின்றன, ஆனால் பழி ஃபார்மட்டின் மேல் விழுகிறது. "அச்சு என்றால் சிஎம்ஒய்கே" என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, படம் கைக்கு வந்தவுடனே சிஎம்ஒய்கே ஆக்கிச் சேமித்துவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. இதில் என்ன கோளாறு என்றால், சிஎம்ஒய்கே என்பது ஒரே ஒரு நிறவெளி இல்லை. குறிப்பிட்ட தாளில், குறிப்பிட்ட அச்சு முறையில், எந்த மை எத்தனை சதவீதம் என்கிற கணக்கு அது. வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா39 அல்லது 51 என்ற கணக்கு, அமெரிக்கப் பக்கம் கிரேகால், பூச்சில்லாத தாளுக்கு ஃபோக்ரா47 அல்லது 52, செய்தித்தாளுக்கு வேறு என்று போகிறது. மொத்த மை அளவு ஆர்ட் பேப்பரில் 300 முதல் 330 சதவீதம்வரை தாங்கும், செய்தித்தாளில் 240 சதவீதத்தைத் தாண்டினால் தாள் ஊறி, மை காயாமல் மறுபக்கம் ஒட்டும். ஆர்ட் பேப்பருக்கென்று மாற்றிய படத்தைச் செய்தித்தாளுக்குக் கொடுத்தால் நிழல் பகுதியெல்லாம் சேறு மாதிரி அடைத்துக்கொள்ளும். முதலிலேயே சிஎம்ஒய்கே ஆக்கிவிட்டீர்கள் என்றால் எந்தத் தாள் என்று தெரிவதற்கு முன்பே ஒரு தாளுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறீர்கள், அதற்குமேல் ஆர்ஜிபிக்குத் திரும்பினாலும் இழந்த பச்சையும் நீலமும் திரும்பி வராது.

ஆகவே என் வழி இது: மூலப்படம் ப்ரொஃபைலோடு ஆர்ஜிபியிலேயே இருக்கட்டும், பக்கமும் ஆர்ஜிபி படங்களோடே வடிவமைக்கப்படட்டும், அச்சகமும் தாளும் முடிவானபின் பிடிஎஃப் ஆக்கும் நேரத்தில் அந்தத் தாளுக்கு உரிய ப்ரொஃபைலுக்கு ஒரே தடவையில் மாற்றுங்கள். நடுவில் திரையில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் திரை மாதிரி) போட்டுப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். ஆர்ஜிபியில் கண்ணைப் பறிக்கிற நீலம் அச்சில் ஊதாப் பக்கம் சாய்வதும், பளபளக்கும் இளம்பச்சை மந்தமாவதும் அங்கேயே தெரிந்துவிடும், தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கையால் சரிசெய்ய முடியும். அச்சகம் "சிஎம்ஒய்கே டிஃப்தான் வேண்டும், எங்கள் ப்ரொஃபைல் இது" என்று தெளிவாகச் சொன்னால், சரி, அப்படியே மாற்றிக் கொடுங்கள், ஆர்ஜிபி மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். எல்லா அச்சும் சிஎம்ஒய்கே கேட்பதில்லை. புகைப்படத் தாளில் ஒளியால் பதிக்கிற ஃபோட்டோ லேப் எந்திரங்கள் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான ஆர்ஜிபி வெளி) ஜேபெக்கைத்தான் எதிர்பார்க்கின்றன. எட்டு, பத்து மை போட்டு அச்சடிக்கிற இங்க்ஜெட் ஃபோட்டோ பிரிண்டர்களின் நிறவெளி பல இடங்களில் ஆஃப்செட் சிஎம்ஒய்கேயைவிட அகலம், அவற்றின் டிரைவரும் ஆர்ஜிபியைத்தான் கேட்கிறது. அந்த எந்திரத்துக்கு சிஎம்ஒய்கே கோப்பைக் கொடுப்பது கையில் இருக்கிற நிறத்தை நாமே வெட்டிவிட்டுக் கொடுப்பது. கலைக்கண்காட்சிக்குப் படம் அச்சிடுகிறவர்கள் 16 பிட் டிஃப், அடோபி ஆர்ஜிபி அல்லது அதைவிட அகலமான வெளி என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. எது எப்படியோ, ப்ரொஃபைல் இல்லாத கோப்பு மட்டும் வேண்டாம். ப்ரொஃபைல் இல்லாவிட்டால் படத்தில் இருப்பது வெறும் எண், அதை எந்த நிறமாகப் படிப்பது என்பதை எதிரே இருக்கிற மென்பொருள் ஊகித்துக்கொள்ளும்.

கறுப்பு எழுத்து. இதைத் தனியாகச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எழுத்தோடு சேர்த்து மொத்த வடிவமைப்பையும் ஃபோட்டோஷாப்பில் செய்து, ஒரே படமாகச் சேமித்து அச்சுக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. அந்தப் படத்தை சிஎம்ஒய்கே ஆக்கும்போது கறுப்பு எழுத்து சயான், மேஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையிலும் பிரிந்துவிடுகிறது. அச்சடிக்கும்போது நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை தள்ளினாலும் எழுத்துக்கு வண்ண நிழல் வரும், எட்டு பாயின்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும் ஒற்றைக்கொம்பின் சுழியும் அடைத்துக்கொண்டு படிக்கவே முடியாது. போதாததற்கு எழுத்து பிக்சலாகிவிட்டதால் ஓரமும் கூர்மையாக இருக்காது. டிஃப்பாகக் கொடுத்தாலும் ஜேபெக்காகக் கொடுத்தாலும் இதற்கு விமோசனம் இல்லை. எழுத்தை எழுத்தாகவே பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைத்து, 100 சதவீதக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அமைத்து, பிடிஎஃப்பாகக் கொடுப்பதுதான் வழி. படம் படமாக இருக்கட்டும், எழுத்து எழுத்தாக இருக்கட்டும்.

கோட்டோவியங்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது, இப்போது பலருக்கு அது மறந்தே போய்விட்டது: 1 பிட் டிஃப். மையால் வரைந்த ஓவியம், கையெழுத்து, மரச்செதுக்கு, பழைய நூலின் எழுத்துப் பக்கம் எல்லாவற்றையும் சாம்பல் நிறம் இல்லாமல் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டும், அங்குலத்துக்கு 1200 பிக்சலில் ஸ்கேன் செய்து வைத்தால் அச்சில் கோடு உயிரோடு நிற்கும். 300 பிக்சல் சாம்பல் நிறப் படமாக வைத்தால் அதே கோடு ஸ்கிரீன் புள்ளிகளாக உடைந்து ரம்பம் மாதிரி வரும். 1200 என்றவுடன் கோப்பு பூதாகாரமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஒரு பிக்சலுக்கு ஒரே பிட் என்பதால் முழு ஏ4 பக்கமே கம்ப்ரஷன் இல்லாமல் 17 எம்பி சொச்சம்தான், 300இல் எடுத்த வண்ணப் படத்தைவிடக் குறைவு. தொலைநகல் காலத்தில் வந்த குரூப் 4 கம்ப்ரஷனைப் போட்டால் இன்னும் வெகுவாகச் சுருங்கும், இழப்பு கிடையாது. ஓவியர்கள் படம் போட்டுக் கொடுக்கிற புத்தகங்களுக்கு இதைக் கட்டாயம் முயன்று பாருங்கள், தாளில் அந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

லோகோ என்றால் வெக்டர்தான், அதாவது பிக்சலாக இல்லாமல் கோடும் வளைவுமாக வரைந்த கோப்புதான் கேட்க வேண்டும். ஏஐ, பிடிஎஃப், எஸ்விஜி எதுவானாலும் பரவாயில்லை, எஸ்விஜியில் வந்தால் மை நிறங்களை மட்டும் நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஈபிஎஸ் இன்னும் உலவுகிறது, அது போஸ்ட்ஸ்கிரிப்ட் காலத்து ஃபார்மட், வெளிப்படைத்தன்மையை அப்படியே வைத்துக்கொள்ளத் தெரியாது, பழைய லோகோ அதில்தான் இருக்கிறது என்றால் பயன்படுத்துங்கள், புதிதாக எதையும் அதில் சேமிக்க வேண்டிய அவசியம் இல்லை. சின்ன ஜேபெக் லோகோவை பிடிஎஃப்புக்குள் வைத்துவிட்டு "இது வெக்டர்" என்று அனுப்புகிறவர்களும் உண்டு, பெரிதாக்கிப் பாருங்கள், ஓரம் கட்டம் கட்டமாக வந்தால் உள்ளே இருப்பது படம்தான்.

பிக்சல் அடர்த்தியைப் பற்றிச் சுருக்கமாக. 300 என்பது 150 லைன் ஸ்கிரீனுக்கு இரண்டு மடங்கு என்ற கணக்கில் வந்த எண். செய்தித்தாள் 85 முதல் 100 லைன்வரைதான் என்பதால் அங்கே 170 முதல் 200 போதும். தூரத்திலிருந்து பார்க்கிற பெரிய பேனருக்கு 100கூடத் தாராளம். பக்கத்தில் வைத்திருக்கிற அளவில் எத்தனை பிக்சல் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000க்கு 4000 படம், 300 கணக்கில் 20 அங்குலத்துக்கு 13 அங்குலம்வரை நிற்கும், அதையே கால்வாசி வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் நிற்காது. 72 என்று காட்டுகிற படத்தை 300 என்று மாற்றி எழுதினால் படம் மாறுவதில்லை, தாளில் எத்தனை அங்குலமாக உட்கார வேண்டும் என்கிற குறிப்பு மட்டும்தான் மாறுகிறது.

கடைசியில் அச்சகத்துக்குப் போகிற கோப்பு இன்று அநேகமாக பிடிஎஃப்தான், அதனால் அதுவரை படத்தை டிஃப்பாக வைத்துக் காப்பாற்றியதெல்லாம் பிடிஎஃப் ஆக்கும் ஒரு பெட்டியில் கோட்டைவிடப்படலாம். "ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்" என்ற தேர்வில் ஏற்றுமதி செய்தால் 100 எம்பி டிஃப்பும் மின்னஞ்சல் தரத்துக்கு இறங்கிவிடும். இன்டிசைனின் "பிரஸ் குவாலிட்டி" தேர்வு அங்குலத்துக்கு 450 பிக்சலைத் தாண்டிய வண்ணப் படங்களை 300க்கு இறக்குகிறது, ஜேபெக் கம்ப்ரஷனை உச்ச தரத்தில் போடுகிறது. கவனித்தீர்களா, ஜேபெக் வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்து டிஃப்பில் வைத்த படமும் பிடிஎஃப்புக்குள் போகும்போது பெரும்பாலும் ஜேபெக் ஆகத்தான் போகிறது, அதுவும் நன்றாகவே அச்சாகிறது. அதுகூட வேண்டாம் என்றால் அங்கேயே ஜிப் என்று மாற்றிக்கொள்ளலாம், விளக்கப்படங்களும் திரைப்பிடிப்புகளும் நிறைந்த புத்தகத்துக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

பிடிஎஃப்பிலும் வகை உண்டு. 2001இல் வந்த பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ எல்லாவற்றையும் சிஎம்ஒய்கேயாகவும் ஸ்பாட் நிறங்களாகவும் (தனியாகக் கலந்த மைகள்) மாற்றிவிடச் சொல்கிறது, வெளிப்படையான நிழல்கள், மங்கல்கள் எல்லாம் தட்டையாக்கப்பட்டுவிடும். எழுத்துருக்கள் உள்ளேயே இருக்க வேண்டும். பழைய எந்திரம் வைத்திருக்கிற அச்சகத்துக்கு இதுதான் பாதுகாப்பு. 2008இல் தரமான பிடிஎஃப்/எக்ஸ்-4 வெளிப்படைத்தன்மையை அப்படியே விட்டுவைக்கிறது, ப்ரொஃபைலோடு இருக்கிற ஆர்ஜிபி படங்களையும் அனுமதிக்கிறது. அச்சகம் ஏற்றுக்கொண்டால் நான் எக்ஸ்-4தான் கொடுப்பேன், தட்டையாக்கும்போது படத்தின் குறுக்கே முடி போல வெள்ளைக் கோடுகள் தெரிகிற தொல்லையும் அதில் இல்லை.

சரி, சேமித்துவைக்க? திருத்திக்கொண்டிருக்கிற மூலத்தை லேயர்களோடு 16 பிட் பிஎஸ்டியாகவோ (ஃபோட்டோஷாப்பின் சொந்த ஃபார்மட்) ஜிப் போட்ட டிஃப்பாகவோ வையுங்கள். பிஎஸ்டி அகலத்திலும் உயரத்திலும் 30,000 பிக்சல், 2 ஜிபி என்ற எல்லையில் நின்றுவிடும், மாபெரும் சுவரொட்டி என்றால் பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பிக்கு மாற வேண்டும். கேமராவின் ரா கோப்பை (கேமரா பதிவு செய்த மூலத்தரவு) அழிக்காதீர்கள், அதில்தான் 12 அல்லது 14 பிட் விவரம் இருக்கிறது, ஜேபெக்கின் 8 பிட்டில் வானத்தின் நிறச்சரிவைக் கொஞ்சம் இழுத்தாலே பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். அச்சுக்குக் கொடுக்கிற பிரதி எப்போதும் தனிக் கோப்பாக, தனி ஃபோல்டரில், எந்தத் தாளுக்கு மாற்றியது என்பது பெயரிலேயே தெரிகிற மாதிரி இருக்கட்டும். அனுப்பும்போது ஜிப் ஆக்கி அனுப்புங்கள். செய்திச் செயலியில்தான் அனுப்ப வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக இணையுங்கள், படமாகப் போனால் அது சுருக்கித்தான் அனுப்பும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அச்சகத்தில் கேட்டுவிட வேண்டியவை: எந்தத் தாள், அதற்கு எந்த ப்ரொஃபைல், எந்த பிடிஎஃப் வகை, ப்ளீட் (வெட்டும் ஓரத்துக்கு வெளியே நீட்டி வைக்கிற பகுதி) 3 மில்லிமீட்டர் போதுமா. இதற்குப் பதில் சொல்லச் சலித்துக்கொள்ளாத அச்சகத்தோடு வேலை செய்வது சுகம். "ஏதாவது ஒரு பிடிஎஃப் கொடுங்கள்" என்றால் பூச்சுத் தாளுக்கு ஃபோக்ரா39, பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்று வைத்துக்கொண்டு, கட்டாயம் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள்.

பிடிஎஃப் கையில் வந்தவுடன் அனுப்பிவிடாமல் அக்ரோபேட்டில் திறந்து அவுட்புட் ப்ரிவ்யூவில் சயான், மேஜென்டா, மஞ்சள் மூன்றையும் அணைத்துப் பாருங்கள், பிறகு கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். கறுப்பை அணைத்ததும் எழுத்தெல்லாம் முழுசாக மறைய வேண்டும். எங்காவது ஒரு வரி வண்ணத்தில் மிச்சம் நின்றால் அந்தப் பக்கத்தில் எழுத்து படமாகவோ நாலு நிறக் கறுப்பாகவோ புகுந்திருக்கிறது, மூலக் கோப்புக்குத் திரும்பிப் போய் அதைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.